சத்திரசிகிச்சைக் கூடத்தில் தலைமாட்டில் நிற்பவர் யார்?

சத்திரசிகிச்சை முடிந்து நலமாக வீடு திரும்பும் ஒருவரிடம், சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் யாரென்று கேட்டால் தயக்கமின்றிப் பெயரைச் சொல்வார். அவருடைய கைராசி பற்றியும், அவர் படித்த பாடசாலை பற்றியும், அவர் எந்த ஊரவர் என்பது பற்றியும் கூடச் சொல்வார். ஆனால், மயக்க மருந்து கொடுத்தவர் யாரென்று கேட்டால் அநேகமானோரிடம் பதில் இருப்பதில்லை. "யாரோ ஒருவர் வந்து ஊசி போட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதுடன் அவர்களது நினைவு முடிந்துவிடுகின்றது.

அந்த "ஒன்றும் தெரியாத" நேரத்திலே அவரது சுவாசத்தையும் இருதயத் துடிப்பையும் குருதி அமுக்கத்தையும் தம் பொறுப்பில் வைத்திருந்தவரே மயக்க மருந்து நிபுணர். நோயாளி தன்னைத் தானே பாதுகாத்துக்கொள்ளும் வல்லமையை முற்றாக இழந்திருக்கும் வேளையில், அந்த வல்லமைக்குப் பதிலாக நிற்பவர் அவர். இருந்தும், எமது சமூகத்தில் அவரது பணி பற்றிய விளக்கம் மிகக் குறைவாகவே காணப்படுகின்றது. ஒரு துறையினருக்குரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்பதுடன் இவ்விடயம் முடிந்துவிடுமாயின் இதனைப் பற்றி இவ்வளவு எழுதவேண்டியதில்லை. இந்த அறியாமை சிலவேளைகளில் நோயாளியின் உயிருக்கே ஆபத்தை ஏற்படுத்தக் கூடியது என்பதனாலேயே எழுத வேண்டியுள்ளது.

இதனை எழுதுபவரும் அவ்வறியாமைக்கு விதிவிலக்காக இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தபோது, முதல்நாள் மாலை பெண் வைத்தியர் ஒருவர் கட்டிலருகே வந்தார். வாயை அகலத் திறக்கச் சொன்னார். கழுத்தைப் பின்னோக்கி வளைக்கச் சொன்னார். பொய்ப்பற்கள் உண்டா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா, முன்னர் எப்போதாவது மயக்க மருந்து பெற்றதுண்டா என்றெல்லாம் வினவினார். வெட்டப்போவது அடிவயிற்றை, வாயைப் பார்த்து என்ன பயன் என்ற எண்ணத்துடன் ஏனோதானோவென்று பதில்கள் சொல்லப்பட்டன. குருதி அமுக்கத்துக்கான குளிசைகளை ஒழுங்காக எடுக்கின்றீர்களா என்ற கேள்விக்கும் "ஓம்" என்பதே பதிலாக இருந்தது. உண்மையில் அக்குளிசைகளை விட்டு இரண்டு வாரங்களுக்கு மேலாகியிருந்தது.

மறுநாட் காலை சத்திரசிகிச்சைக் கூடத்தில் குருதி அமுக்கம் அளவுக்கு மிஞ்சி இருப்பது கண்டறியப்பட்டது. அதே வைத்தியர் குனிந்து, "ஐயா, குளிசை விட்டு எத்தனை நாள்? உண்மையைச் சொல்லுங்கோ, நான் ஏசமாட்டன்" என்றார். அன்று சத்திரசிகிச்சை ஒத்திவைக்கப்பட்டது. அப்போது எழுந்த கோபத்தை இப்போது நினைக்கையில் வெட்கமே மேலிடுகின்றது. எழுத்தையும் செய்தியையும் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கே இத்துறை பற்றிய அறிவு இவ்வளவுதான் என்றால், ஏனையோரைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

நித்திரையா, மயக்கமா?

"மயக்க மருந்து கொடுத்தால் நோயாளி நித்திரையாகிவிடுவார்" என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகின்றோம். வைத்தியர்களும் சிறுவர்களை ஆறுதற்படுத்துவதற்காக அவ்வாறு சொல்வதுண்டு. ஆயினும் பொது மயக்கம் என்பது நித்திரை அன்று. நித்திரையில் இருப்பவரைக் கிள்ளினால் விழித்துக்கொள்வார். தொண்டையில் எச்சில் இறங்கினால் இருமுவார். அவரது சுவாசம் தானாக நடைபெறும். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு இவை எதனையும் நம்பியிருக்க முடியாது.

பொது மயக்கத்திற்கு மூன்று கூறுகள் உண்டு. முதலாவது, நினைவை நீக்குதல். இரண்டாவது, நோவை உடல் உணராதபடி தடுத்தல். மூன்றாவது, தேவையான சத்திரசிகிச்சைகளில் தசைகளைத் தளரச் செய்தல். வயிறு இறுகியிருக்கும்போது அதனுள்ளே நுணுக்கமான வேலை செய்வது கடினமாதலால் மூன்றாவது கூறு அவசியமாகின்றது. இம்மூன்றுக்கும் வெவ்வேறு மருந்துகள் பயன்படுகின்றன. அவற்றின் அளவு, நோயாளியின் வயது, நிறை, இருதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலை என்பவற்றுக்கேற்ப வேறுபடும்.

தசைகளைத் தளர்த்தும் மருந்துகளின் வரலாறே இத்துறையின் தன்மையை விளக்கப் போதுமானது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் வேட்டை அம்புகளில் பூசிய குராரே என்னும் நஞ்சு, தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திக் கொல்வது. 1942 ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் ஹரல்ட் கிரிபித் என்ற மயக்க மருந்து நிபுணர் அதே நஞ்சின் தூய்மையாக்கப்பட்ட வடிவத்தைச் சத்திரசிகிச்சையின்போது பயன்படுத்திக் காட்டினார். இன்று அதன் வழிவந்த மருந்துகள் உலகெங்கும் நாள்தோறும் பயன்படுத்தப்படுகின்றன. அவை செலுத்தப்பட்ட சிறிது நேரத்தில் நோயாளி தானாக மூச்சுவிட இயலாதவராகின்றார். அக்கணத்திலிருந்து, தொண்டை வழியே மூச்சுக்குழாய்க்குள் செலுத்தப்படும் குழாயினூடாக அவருக்காக மூச்சுவிடும் பொறுப்பு இன்னொருவருடையதாகின்றது. முதல்நாள் மாலை வாயைத் திறக்கச் சொன்னதன் காரணம் இதுவே. வயிறு வெட்டப்படுவதற்கு முன்னர் மூச்சுக்கு வழி தேடப்பட வேண்டும்.

ஆகவே, ஊசி போட்டுவிட்டு மயக்க மருந்து நிபுணர் போய்விடுகின்றார் என்ற எண்ணம் முற்றிலும் தவறானது. அவரது உண்மையான பணி அந்த ஊசிக்குப் பின்னரே ஆரம்பமாகின்றது. நோயாளியின் தலைமாட்டில் நின்றவாறு, குருதியிலுள்ள ஒட்சிசன் அளவு, வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு, இருதயத் துடிப்பு, குருதி அமுக்கம், உடல் வெப்பநிலை ஆகியவற்றை அவர் இடைவிடாது கவனிக்கின்றார். குருதி இழக்கப்பட்டால் அதனை ஈடுசெய்கின்றார். அமுக்கம் வீழ்ந்தால் உயர்த்துகின்றார். சத்திரசிகிச்சை முடியும் தறுவாயில் மயக்கத்தைக் குறைத்து, தசைத் தளர்ச்சியை நீக்கி, நோயாளி தானாக மூச்சு விடுகின்றாரா என்பதை உறுதிசெய்து, குழாயை அகற்றி, மீட்பு அறையில் அவர் முழுமையாகத் தெளியும் வரை பொறுப்பேற்கின்றார். விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் ஆபத்து அதிகம் என்பார்கள். மயக்கத்திலும் தொடக்கமும் முடிவுமே மிகுந்த விழிப்பை வேண்டுவன.

மருந்து வேறு, காவல் வேறு

மருந்தைக் காட்டிலும் அதனைக் கொடுத்தபின் விழித்திருப்பவரே முக்கியம் என்பதற்கு உலகமே அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2009 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் திகதி பாடகர் மைக்கல் ஜக்சன் அமெரிக்காவில் காலமானார். புரொபபோல் என்ற மயக்க மருந்தே அவரது மரணத்துக்குக் காரணம் என மரண விசாரணையில் தீர்மானிக்கப்பட்டது. நித்திரையின்மைக்காக அவரது இல்லத்திலேயே அம்மருந்தைக் கொடுத்த வைத்தியர், மயக்க மருந்துத் துறையைச் சேர்ந்தவர் அல்லர். இருதய நோய் வைத்தியர். 2011 ஆம் ஆண்டு அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

பால் போன்ற வெண்ணிறமுடைய அதே மருந்து, எமது நாட்டு வைத்தியசாலைகளிலும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்பட்டு வருகின்றது. அதனைப் பெற்றுக்கொண்டவர்கள் எழுந்து வீடு செல்கின்றனர். மருந்து ஒன்றே. வேறுபட்டது, அதனைச் சூழ்ந்திருக்க வேண்டிய காவல். தேவையான கருவிகளும், அவற்றை இடைவிடாது நோக்குகின்ற பயிற்சி பெற்ற ஒருவரும், மூச்சு நின்றால் உடனடியாக மூச்சுக் கொடுப்பதற்கான ஆயத்தமும் அந்தப் படுக்கையறையில் இருக்கவில்லை.

இந்தப் பாடம் இத்துறையின் தொடக்க காலத்திலேயே கற்கப்பட்டதொன்றாகும். 1846 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில், வில்லியம் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியை முகரச் செய்து ஒரு நோயாளியை நோவுணராத நிலைக்குக் கொண்டுவந்தார். அவரது கழுத்திலிருந்த கட்டிக்குப் பலர் முன்னிலையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அந்த நாளே இன்று உலக மயக்க மருந்தியல் தினமாக நினைவுகூரப்படுகின்றது. அதற்கு முன்னர் சத்திரசிகிச்சை என்பது, நோயாளியைப் பலர் அழுத்திப் பிடித்திருக்க, இயன்றளவு விரைவாக வெட்டி முடிப்பதாகவே இருந்தது. உலகின் ஏனைய பகுதிகளிலும் இதற்கான முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. ஜப்பானிய வைத்தியர் ஹனஒகா செய்ஷூ 1804 ஆம் ஆண்டிலேயே மூலிகை மருந்தொன்றை அருந்தக் கொடுத்து மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தார். ஆனால், வெளியுலகத் தொடர்புகளை ஜப்பான் பெரிதும் தவிர்த்திருந்த காலமாதலால் அச்செய்தி மேலைநாடுகளை எட்டவில்லை.

பொஸ்டன் நிகழ்வுக்கு அடுத்த ஆண்டில் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோபோமை அறிமுகப்படுத்தினார். அது விரைவாகச் செயற்பட்டது, கொடுப்பதும் இலகு. இலகுவானது ஆபத்தற்றதும் ஆகும் என்று பலர் எண்ணினர். 1848 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி, இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அண்மையில், கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமியான ஹனா கிறீனர் சில நிமிடங்களில் உயிரிழந்தாள். உயிருக்கு ஆபத்தில்லாத சிறு சிகிச்சையொன்றில் நிகழ்ந்த அம்மரணம், மயக்க மருந்தினால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணங்களுள் ஒன்றாகும். "சின்ன ஒப்பரேஷன்தானே" என்று இன்றும் நம்மவர் சொல்கின்றோம். சத்திரசிகிச்சை சிறிதாக இருக்கலாம். மயக்கம் சிறிதாக இருப்பதில்லை.

இந்தப் பாடத்தை நன்கு உணர்ந்தவர்களுள் ஒருவர் இலண்டனைச் சேர்ந்த ஜோன் ஸ்னோ. கொடுக்கப்படும் ஆவியின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவிகளை அமைத்து, மயக்கத்தின் படிநிலைகளை ஆராய்ந்து, இதனை ஒரு தனித்துறையாக வளர்க்க அடிகோலியவர் அவர். 1853 இலும் 1857 இலும் விக்டோரியா மகாராணியின் பிரசவங்களின்போது குளோரோபோம் கொடுத்தவரும் அவரே. 1854 இல் இலண்டனில் கொலரா பரவியபோது, நோய்க்குக் காரணம் குடிநீரே எனக் காட்டியவர் என்ற வகையில் பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. மயக்க மருந்துத் துறையில் அவர் செய்த பணி அங்கும் பின்தள்ளப்பட்டுவிடுவது இத்துறைக்கே உரிய தலைவிதி போலும்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே

அதிதீவிர சிகிச்சைப் பிரிவு என்பது இன்று சாதாரண மக்களும் அறிந்த சொல். கொவிட் தொற்றுக் காலத்தில் அச்சொல்லைக் கேட்காத வீடு இல்லை. அத்தகைய பிரிவு என்ற எண்ணமே மயக்க மருந்து நிபுணர் ஒருவரிடமிருந்து உருவானதென்பதைப் பலர் அறியார்.

1952 ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் போலியோ நோய் கடுமையாகப் பரவியது. மூச்சுத்தசைகள் செயலிழந்த நிலையில் நோயாளிகள் நாள்தோறும் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு உதவக்கூடிய இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே வைத்தியசாலையில் இருந்தன. மூச்சுத்தசைகள் செயலிழந்தோரில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தனர். இந்நிலையில் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரின் ஆலோசனை கோரப்பட்டது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாம் நாள்தோறும் செய்வதையே அவர் இங்கும் செய்யலாம் என்றார். மரணத் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியொருத்தியின் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தப்பட்டது. இறப்பர்ப் பையொன்றைக் கையால் அமுக்கி அவளுக்கு மூச்சுக் கொடுக்கப்பட்டது. அவள் பிழைத்தாள்.

அதன் பின்னர் நடந்தது மருத்துவ வரலாற்றில் மறக்க முடியாதது. ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, மாதக்கணக்கில் நோயாளிகளின் கட்டிலருகே அமர்ந்து பைகளை அமுக்கிக்கொண்டிருந்தனர். இறப்பு வீதம் ஏறத்தாழ 40 ஆகக் குறைந்தது. இந்த அனுபவத்தின் விளைவாக, கடும் நோயாளிகளை ஓரிடத்தில் வைத்து இடைவிடாது கண்காணிக்கும் தனிப்பிரிவொன்றை 1953 ஆம் ஆண்டின் இறுதியில் இப்சன் அமைத்தார். இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தோற்றுவாய் அதுவே.

பிறந்த குழந்தையின் நிலையை ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடங்களிலும் மதிப்பிட்டுப் புள்ளியிடும் முறை உலகெங்கும் பிரசவ அறைகளில் பின்பற்றப்படுகின்றது. அதனை வகுத்த வேர்ஜினியா அப்கார் என்ற அமெரிக்கப் பெண்மணியும் மயக்க மருந்து நிபுணரே. பிரசவ வேதனையைத் தணித்தல், தீராத நோவுக்கும் புற்றுநோயாளரின் வேதனைக்கும் சிகிச்சையளித்தல், விபத்தில் சிக்கியோரை உயிர்ப்பித்தல் என அவர்களது பணி இன்று விரிந்துள்ளது. "மயக்க மருந்து" என்ற பெயர் அவர்களது பணியின் ஒரு சிறு பகுதியை மட்டுமே சுட்டுகின்றது. "உணர்வழியியல்" என்ற கலைச்சொல்லும் அழித்தலைக் கூறுகின்றதே தவிரக் காத்தலைக் கூறவில்லை. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், நோயாளிக்குப் புரியும் மொழியில் மருத்துவம் இருக்கவேண்டும் என்பதற்காகவே நூல்களைத் தமிழாக்கினார். அந்த மரபைக் கொண்ட எமக்கு, இத்துறையை மக்களுக்கு விளக்குவது புதிய கடமையன்று.

கட்டிலருகே கேட்கப்படும் கேள்விகள்

மயக்க மருந்து நிபுணரோ அவரது குழுவைச் சேர்ந்த வைத்தியரோ சத்திரசிகிச்சைக்கு முன்னர் கேட்கும் கேள்விகளை வெறும் சம்பிரதாயமாகவே நம்மவரிற் பலர் கருதுகின்றனர். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு.

உண்ணாதிருக்கும்படி கூறுவது இவற்றுள் தலையாயது. மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் செயற்படாமையால், இரைப்பையில் உள்ளவை மேலெழுந்து சுவாசப்பைக்குள் செல்லக்கூடும். இரைப்பையின் அமிலம் சுவாசப்பையைக் கடுமையாகப் பாதிக்கும், உயிரையும் பறிக்கக்கூடும். பொதுவாகத் திண்ம உணவுக்கும் பாலுக்கும் 6 மணித்தியாலங்கள், தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலங்கள், தண்ணீர் போன்ற தெளிந்த பானங்களுக்கு 2 மணித்தியாலங்கள் என்ற இடைவெளி பேணப்படுகின்றது. பால் தேநீர் தெளிந்த பானமாகாது. எவ்வாறாயினும் அவரவருக்கு வைத்தியசாலை கூறும் நேரமே பின்பற்றப்பட வேண்டும். பசியால் அழும் பிள்ளைக்கு இரக்கப்பட்டு, தாதிக்குத் தெரியாமல் பிஸ்கட் ஒன்றைக் கொடுக்கும் பாட்டியின் பாசத்தை எவரும் குறைகூற முடியாது. ஆனால், அப்பாசம் பிள்ளையின் உயிருக்கு எதிரியாகலாம். தவறிக் கொடுத்துவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். சத்திரசிகிச்சை சில மணித்தியாலங்கள் தாமதிப்பதைத் தவிர வேறெந்த நட்டமும் ஏற்படாது.

வெற்றிலை, பாக்குப் பழக்கம் பற்றிக் கேட்கப்பட்டால் வியப்படையத் தேவையில்லை. நெடுங்காலம் பாக்கு மென்றவர்களில் சிலருக்கு வாயின் உட்புறத் தசைநார்கள் இறுகி, வாயை அகலத் திறக்க முடியாது போகின்றது. மூச்சுக்குழாய் செலுத்துவதில் இது பெரும் இடர். முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழிகளுக்கு ஆயத்தமாகலாம். ஆடுகின்ற பல்லையும் பொய்ப்பல்லையும் மறைக்கக்கூடாது என்பதும் இதனாலேயே.

மதுப் பழக்கம் பற்றிய கேள்விக்கு, குடும்பத்தார் அருகில் நிற்கையில் உண்மை சொல்வது பலருக்குச் சங்கடமானது. நாள்தோறும் அதிகளவில் அருந்துபவருக்கு மருந்தின் தேவை வேறுபடலாம். திடீரென மது நிறுத்தப்படுவதால் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் நடுக்கமும் குழப்பமும் ஏற்படலாம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமையுண்டு. புகைத்தல், தொய்வு நோய், நீரிழிவு, குருதி உறையாதிருக்க எடுக்கும் மருந்துகள், நாட்டு வைத்தியரிடம் பெறும் மருந்துகள், ஒவ்வாமை ஆகிய அனைத்தும் சொல்லப்பட வேண்டியவை. குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தினால் ஆபத்து நேர்ந்திருப்பின் அது மிக முக்கியமான தகவல். பரம்பரையாக வரும் சில குறைபாடுகள், மயக்க மருந்து கொடுக்கப்படும்வரை எவ்வித அறிகுறியையும் காட்டாதவை. நகப்பூச்சை அழிக்கச் சொல்வதற்கும் காரணமுண்டு. விரல் நுனியில் பொருத்தப்படும் ஒட்சிசன் அளவி, ஒளியைச் செலுத்தியே அளவிடுகின்றது. நகப்பூச்சு அதற்கு இடையூறாகலாம்.

வீண் அச்சங்கள்

அறியாமையின் மறுபக்கம் அச்சம். முதுகில் போடும் ஊசியினால் வாழ்நாள் முழுவதும் முதுகுநோ வரும் என்ற நம்பிக்கை எமது தாய்மார் மத்தியில் ஆழமாக வேரூன்றியுள்ளது. பிரசவத்துக்குப் பின்னான முதுகுநோ, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பரவலாக ஏற்படும் ஒன்று. ஊசி குத்திய இடத்தில் சில நாட்களுக்கு நோவிருக்கலாம். சிலருக்குக் கடும் தலையிடி ஏற்படலாம், அதற்குச் சிகிச்சையுண்டு. நீடித்த முதுகுநோவுக்கு அந்த ஊசியே காரணம் என்பது ஆய்வுகளில் நிரூபிக்கப்படவில்லை. முண்ணாணில் ஊசி குத்திக் கால் விளங்காமற் போகும் என்ற அச்சமும் உண்டு. வளர்ந்தோரில் முண்ணாண் முடிவடையும் மட்டத்துக்குக் கீழேதான் அந்த ஊசி செலுத்தப்படுகின்றது. நரம்புக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்படுவது மிக அரிது. சிசேரியன் சத்திரசிகிச்சைகளில் இம்முறை விரும்பப்படுவதற்குக் காரணம், அநேக சந்தர்ப்பங்களில் அது தாய்க்குப் பாதுகாப்பானதாக இருப்பதே.

நடுவிலே விழித்துவிடுவோமா என்ற அச்சமும் இயல்பானது. பிரித்தானியாவில் 2014 இல் வெளியான விரிவான ஆய்வொன்று, பொது மயக்கத்தின்போது நினைவு திரும்பியதாக முறையிடப்பட்ட சம்பவங்கள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒன்று எனக் கண்டது. அரிதென்றாலும் இல்லாததன்று. அவ்வாறான அனுபவம் ஏற்பட்டவர் அதனை மறைக்காது வைத்தியரிடம் கூறவேண்டும்.

பொதுவாக நோக்குமிடத்து, மயக்க மருந்துத் துறை அடைந்துள்ள பாதுகாப்பு ஏனைய துறைகளுக்கே முன்மாதிரியாகக் காட்டப்படுவதாகும். 1999 இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் மருத்துவத் தவறுகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, 1980 களின் தொடக்கத்தில் 10,000 பேருக்கு 2 ஆக இருந்த மயக்க மருந்து சார்ந்த மரணங்கள், 2 இலட்சம் தொடக்கம் 3 இலட்சம் பேருக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துள்ளதாகச் சுட்டிக்காட்டியது. ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அஒயாகியின் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்ட ஒட்சிசன் அளவி போன்ற கருவிகளும், தவறுகளை மறைக்காது ஆராயும் பழக்கமும், ஒழுங்கான பயிற்சியும் இதற்குக் காரணங்களாகும். ஆனால், இப்பாதுகாப்பு தானாக வந்ததொன்றன்று. ஆட்களும் கருவிகளும் மருந்துகளும் இருக்கும் இடங்களிலேயே அது நிலைத்துள்ளது.

காணாத ஒருவரின் வெற்றிடம்

இங்கேதான் இவ்விடயம் தனிமனிதரைக் கடந்து நாட்டின் விடயமாகின்றது. 2015 இல் லான்செட் மருத்துவ சஞ்சிகை அமைத்த ஆணைக்குழு, உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகக்கூடிய சத்திரசிகிச்சையும் மயக்க மருந்துச் சேவையும் உரிய நேரத்தில் கிட்டுவதில்லை என அறிவித்தது. எமது நாட்டில் இச்சேவை அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைத்து வருவது பெருமைக்குரியது. ஆயினும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அதன் அத்திவாரத்தை அசைத்தது. அவ்வாண்டு மார்ச் மாதம், மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. தொடர்ந்து பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களுள் மயக்க மருந்து நிபுணர்களும் அடங்குவர். மருத்துவப் பட்டத்துக்குப் பின்னரும் பல ஆண்டுப் பயிற்சியை வேண்டும் இத்துறையில், வெளியேறும் ஒருவரின் இடத்தை ஓரிரு மாதங்களில் நிரப்பிவிட முடியாது.

சத்திரசிகிச்சை நிபுணர் இல்லாத வைத்தியசாலைக்காக மக்கள் குரலெழுப்புகின்றனர், மகஜர் கொடுக்கின்றனர். மயக்க மருந்து நிபுணர் இல்லாத வைத்தியசாலைக்காக அவ்வாறான குரல் எழுவது அரிது. திறமைமிக்க சத்திரசிகிச்சை நிபுணரும் நவீன உபகரணங்களும் இருந்தும், தலைமாட்டில் நிற்க ஒருவர் இல்லையென்றால் அந்தக் கூடத்தின் கதவு மூடியே இருக்கும். நள்ளிரவில் சிசேரியன் தேவைப்படும் தாயை நெடுந்தூரம் அனுப்ப நேரிடும். ஒருவரின் பணி மக்கள் கண்ணுக்குத் தெரியாதபோது, அவர் இல்லாமையும் தெரியாமற் போகின்றது. கேட்பாரற்ற வெற்றிடத்தை நிரப்புவதற்கு அதிகாரிகளும் அவசரப்படுவதில்லை.

எனவே, சுகாதார அமைச்சு மயக்க மருந்து நிபுணர்களையும் அத்துறையில் பயிற்சிபெற்ற வைத்திய உத்தியோகத்தர்களையும் மாவட்ட ரீதியாக எவ்வாறு பகிர்ந்தளித்துள்ளது என்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும். பின்தங்கிய பிரதேசங்களில் பணியாற்றுவோருக்குரிய வசதிகள் உறுதிசெய்யப்பட வேண்டும். நோயாளிகளுக்கான உண்ணாநோன்பு அறிவுறுத்தல்களும் வினாக்கொத்துகளும் சம்மதப் படிவங்களும் தெளிவான தமிழில் வழங்கப்பட வேண்டும். தமக்குப் புரியாத மொழியில் கேட்கப்படும் கேள்விக்கு "ஓம்" என்று தலையாட்டும் நோயாளியின் பதில் எவருக்கும் பாதுகாப்புத் தராது.

பொதுமக்களாகிய நாமும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அடுத்த முறை எமது கட்டிலருகேயோ எமது பெற்றோரின் கட்டிலருகேயோ வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கேள்விகள் கேட்பவரிடம் உண்மையைச் சொல்வோம். எமது ஐயங்களையும் கேட்போம். முடிந்தால் அவரது பெயரையும் கேட்டு வைத்துக்கொள்வோம். மேலே குறிப்பிட்ட குடலிறக்கச் சத்திரசிகிச்சை, குளிசைகள் ஒழுங்காக எடுக்கப்பட்ட மூன்று வாரங்களின் பின்னர் நலமாக நிறைவேறியது. அன்று தலைமாட்டில் நின்ற அந்த வைத்தியரின் பெயரை வீடு திரும்பும் நாளில்தான் விசாரித்து அறிய முடிந்தது. நன்றி சொல்லச் சென்றபோது அவர் அடுத்த நோயாளியுடன் கூடத்துக்குள் இருந்தார்.